அறியாத மனசாட்சி

2012 டிசம்பரில் ஜெர்மனியின் கொலோன் நகரில், பாலியல் வன்முறைக்கு ஆளான ஓர் இளம்பெண்ணைப் பரிசோதிக்க இரண்டு கத்தோலிக்க மருத்துவமனைகள் மறுத்தன. பரிசோதனை என்று வந்துவிட்டால் அவசரக் கருத்தடை மாத்திரையைப் பற்றியும் பேச வேண்டிவரும். அந்த மாத்திரை உருவாகிவிட்ட கருவை அழிக்கும், ஆகவே அதன் பக்கமே போகக் கூடாது என்ற எண்ணம் அங்கே நிலவியது. ஜனவரியில் செய்தி வெளியே வந்ததும் நாடே கொதித்தது. கொலோன் பேராயர் கர்தினால் யோவாக்கிம் மைஸ்னர், ஜெர்மன் ஆயர்களில் மிகக் கறாரான பழமைவாதி என்று பெயர் எடுத்தவர். அவர் மருத்துவ வல்லுநர்களைக் கேட்டறிந்தார். 2013 ஜனவரி 31 அன்று, கருத்தரிப்பதையே தடுக்கும் நோக்கத்தோடு, வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கு அப்படிப்பட்ட மாத்திரையைக் கொடுப்பதில் தவறில்லை என்று அறிவித்தார். அடுத்த மாதம் டிரியர் நகரில் கூடிய ஜெர்மன் ஆயர் பேரவையும் அதே முடிவுக்கு வந்தது.

திருச்சபையின் கோட்பாட்டில் ஓர் எழுத்துகூட இதனால் மாறவில்லை. உருவான கருவுக்குத் தீங்கு செய்யக் கூடாது என்ற நிலைப்பாடு அப்படியே இருந்தது. மாத்திரை உடலுக்குள் என்ன செய்கிறது என்ற செய்தி மட்டும் புதிதாகக் காதில் விழுந்தது. அதற்குள், அந்தப் பெண் இரண்டு வாசல்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டிருந்தார்.

இங்கே எழும் கேள்வி மருத்துவமனையோடு நிற்பதில்லை. உலகெங்கும் மருந்துக்கடைகளில் நாள்தோறும் எழுகிறது. கருத்தடை மாத்திரை கேட்டு வரும் பெண்ணிடம் "என் மனசாட்சி இடம் தரவில்லை" என்று சொல்ல மருந்தாளுநருக்கு உரிமை உண்டா என்பதைப் பற்றி நீதிமன்றங்களும் நாடாளுமன்றங்களும் நிறையப் பேசியிருக்கின்றன. அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. எதை மறுக்கிறோம் என்று சரியாகத் தெரிந்துகொள்ளாதவரின் மறுப்பை மனசாட்சியின் மறுப்பு என்று ஏற்க முடியுமா?

2007 அக்டோபரில் கத்தோலிக்க மருந்தாளுநர்களின் உலக மாநாட்டினரிடம் பேசிய போப் பதினாறாம் பெனடிக்ட், மனசாட்சியின் பேரில் மறுப்பது மருந்தாளுநரின் உரிமை என்றார். எடுத்துக்காட்டாக அவர் குறிப்பிட்டவை இரண்டு: கரு கருப்பையில் ஒட்டுவதைத் தடுக்கும் மருந்துகள், உயிரை முடித்துவைக்கும் மருந்துகள். ஆக, அந்த உரிமைப் பேச்சின் அடியில் ஓர் உடலியல் கேள்வி கிடக்கிறது. இந்த மாத்திரை கரு ஒட்டுவதைத் தடுக்கிறதா, இல்லையா? வேதநூலைப் புரட்டி இதற்கு விடை காண முடியாது.

லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் அடங்கிய அவசரக் கருத்தடை மாத்திரை, முட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடுகிறது. விந்தணு காத்திருந்து மாண்டுபோகும்வரை முட்டை வருவதில்லை. முட்டையை வெளியேற்றும் ஹார்மோன் ஏற்கெனவே உச்சத்துக்குப் போய்விட்டால் இந்த மாத்திரையால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. ஆஸ்திரேலியாவிலும் சிலியிலும் நடந்த ஆய்வுகளில், முட்டை வெளியேறுவதற்கு முன் மாத்திரை எடுத்த பெண்கள் கருத்தரிக்கவில்லை. வெளியேறிய பின் எடுத்தவர்கள், மாத்திரையே எடுக்காதவர்கள் அளவுக்குக் கருத்தரித்தார்கள். கரு ஒட்டுவதை அது தடுப்பதாக இருந்தால் இரண்டாவது கூட்டத்திலும் எண்ணிக்கை குறைந்திருக்க வேண்டும். உருவாகிவிட்ட கர்ப்பத்தை அது கலைப்பதில்லை. கலைக்கும் மருந்துகள் வேறு. அவற்றின் பெயர் மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால்.

ஆனால் இந்தத் தெளிவு மருந்து அட்டைக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவில் 'பிளான் பி' என்ற பெயரில் 1999-இல் அனுமதி பெற்ற மாத்திரையின் விவரக் குறிப்பில், கரு ஒட்டுவதைத் தடுக்கவும் கூடும் என்ற வரி இருந்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதை நீக்கியது 2022 டிசம்பரில். இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனையோ பேரின் மனசாட்சி அந்த ஒரு வரியை நம்பி முடிவெடுத்தது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அட்டையே அப்படிச் சொன்னது. அந்த வரி போன பிறகும் படித்துப் பார்க்காமல் அதே காரணத்தைச் சொல்பவரின் நிலை வேறு.

இந்த வேறுபாட்டை 13-ஆம் நூற்றாண்டிலேயே பிரித்துக் காட்டியவர் தாமஸ் அக்வினாஸ். தவறான மனசாட்சியும் மனிதனைக் கட்டுப்படுத்தும் என்றார் அவர். தீமை என்று தான் நம்புவதை ஒருவன் செய்தால், உண்மையில் அது தீமையாக இல்லாவிட்டாலும், அவனுடைய உள்ளம் கெடுகிறது. இதுவரை மேற்கோள் காட்டுபவர்கள் பலர். அடுத்த பகுதிக்குப் போகிறவர்கள் குறைவு. தவறான மனசாட்சியின்படி நடந்தவன் குற்றத்திலிருந்து விடுபடுகிறானா என்று கேட்டு, அந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது என்று அக்வினாஸ் விடை சொன்னார். தெரிந்துகொள்ளவே வழியில்லாத சூழலில் விளைந்த அறியாமை மன்னிக்கப்படும். தெரிந்துகொள்ள வேண்டியவன் அக்கறையின்றி விட்டதால் விளைந்த அறியாமை மன்னிக்கப்படாது. மருந்தாளுநரின் கையில் புத்தகம் இருக்கிறது, பட்டம் இருக்கிறது, மாத்திரை அட்டைக்குள் மடித்த தாள் இருக்கிறது. கத்தோலிக்க அறவியலின் தலைமகன் வைத்த அளவுகோலின்படியே அவரால் "எனக்குத் தெரியாது" என்று நழுவ முடியாது.

பௌத்தம் இதை இன்னும் கடுமையாகச் சொல்கிறது. மிலிந்த பஞ்ஹாவில், அறிந்து தீமை செய்பவன், அறியாமல் செய்பவன் இருவரில் யாருக்குப் பாவம் அதிகம் என்று மிலிந்த மன்னன் கேட்கிறான். அறியாமல் செய்பவனுக்கே என்கிறார் துறவி நாகசேனர். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டைத் தெரியாமல் பற்றியவனுக்குத்தான் கை அதிகம் வேகும் என்பது அவர் காட்டும் உவமை. தமிழ் மண்ணில் இதே தீர்ப்பைத் தன் உயிரால் எழுதியவன் சிலப்பதிகாரத்துப் பாண்டியன். பொற்கொல்லன் சொன்னதை அவன் விசாரிக்காமல் நம்பினான். கோவலன் மீது அவனுக்குப் பகை கிடையாது. ஆனாலும் கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபோது "எனக்குத் தெரியாதே" என்று அவன் சொல்லவில்லை. ஆராய்ந்திருக்க வேண்டிய இருக்கையில் அமர்ந்தவன் ஆராயாமல் விட்டதே குற்றம் என்று அவனுக்குப் புரிந்திருந்தது.

நவீன நீதிமன்றங்கள் இந்த அளவுக்குப் போவதில்லை. 2014-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹாபி லாபி வழக்கில், ஊழியர்களின் காப்பீட்டில் குறிப்பிட்ட சில கருத்தடை முறைகளைச் சேர்க்க மறுத்த நிறுவன உரிமையாளர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அவை கருவை அழிக்கக்கூடும் என்பது உரிமையாளர்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை உளமார்ந்ததா என்று பார்ப்போம், சரியானதா என்று பார்ப்பது எங்கள் வேலை அல்ல என்றது நீதிமன்றம். அரசு குடிமகனின் நம்பிக்கையைச் சோதித்து மதிப்பெண் போடக் கூடாது என்பது நியாயமான அச்சம்தான். ஆனால் ஒரு கடையின் முதலாளிக்குப் பொருந்துவது மருந்தாளுநருக்குப் பொருந்தாது. அவருக்கு உரிமம் கிடைத்ததே மற்றவர்களுக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும் என்பதால். திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிலிருந்து மருந்தை உரியபடி கொடுப்பவரையும் சேர்த்து மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் என்று வகுக்கிறது. நான்காவது உறுப்பு அறிவில்லாமல் இயங்கினால் மற்ற மூன்றும் வீண்.

அப்படி என்னதான் தெரிந்திருக்க வேண்டும்? அரசு இலவசமாகத் தரும் மாலா-என் அட்டையை எடுத்துக்கொள்வோம். 21 ஹார்மோன் மாத்திரைகள், 7 இரும்புச்சத்து மாத்திரைகள். ஒரு நாள் மறந்தால், நினைவு வந்த உடனே அதைப் போட்டுக்கொண்டு, அன்றைய மாத்திரையையும் வழக்கமான நேரத்தில் போட வேண்டும், பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து மறந்துவிட்டால், கடைசியாகத் தவறிய ஒன்றைப் போட்டு, அட்டையைத் தொடர்ந்து, அடுத்த ஏழு நாள் ஆணுறை போன்ற வேறு பாதுகாப்பும் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது வாரத்தில் அப்படி மறந்தால் இரும்புச்சத்து மாத்திரைகளை விட்டுவிட்டுப் புது அட்டையைத் தொடங்க வேண்டும். லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய 'சாயா' கருத்தடை மாத்திரைக்குக் கணக்கே வேறு. அதில் ஹார்மோனே கிடையாது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. இரண்டையும் குழப்பிச் சொன்னால், மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் கர்ப்பமாவார்; "இந்த மாத்திரையெல்லாம் சும்மா" என்று ஊரே பேசும்.

யாருக்குத் தரக் கூடாது என்பது இதைவிட முக்கியம். 35 வயதைத் தாண்டிப் புகைபிடிப்பவர், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர், கண்ணில் ஒளிக்கோடுகள் தெரிந்த பின் ஒற்றைத் தலைவலி வருபவர், காலில் ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர் ஆகியோருக்கு ஈஸ்ட்ரோஜென் கலந்த மாத்திரை ஆபத்து. குழந்தை பெற்று ஆறு வாரம்கூட ஆகாத, பாலூட்டும் தாய்க்கும் அது ஆகாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடும் பெண்ணுக்குக் கருத்தடை மாத்திரை வேலை செய்யாமல் போகலாம். ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகும் நான்கு வாரம்வரை அந்த விளைவு நீடிக்கும். வலிப்பு நோய்க்கான ஃபெனிடாயினும் கார்பமாசெபைனும் அப்படியே. காய்ச்சலுக்கும் தொண்டைப் புண்ணுக்கும் தரும் சாதாரண ஆன்டிபயாடிக்குகளால் இந்தத் தொல்லை இல்லை. காசநோய் இன்னும் ஒழியாத இந்தியாவில், ஒரே வீட்டில் ரிஃபாம்பிசினும் மாலா-என்னும் இருப்பது நடக்கக்கூடியதே. இரண்டையும் ஒரே கையால் எடுத்துத் தருபவருக்கு இது தெரிந்திருந்தால் ஒரு குடும்பத்தின் திட்டம் காப்பாற்றப்படும்.

அவசரக் கருத்தடை மாத்திரைக்குக் கடிகாரமும் உண்டு. உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மறுபடி எடுக்க வேண்டும். அதை எடுத்தபின் அதே மாதத்தில் நடக்கும் உறவுக்கு அது காவல் தராது. ஆகவே இந்த மாத்திரையைப் பொறுத்தவரை "நாளைக்கு வாங்க" என்பதும் ஒரு முடிவுதான். மறுப்பவர் தாம் ஒதுங்கி நிற்பதாகவே நினைக்கலாம். ஒவ்வொரு மணி நேரமும் அவருடைய மறுப்பு அந்தப் பெண்ணின் உடலில் வேலை செய்கிறது.

தவறான தகவல் எவ்வளவு சாதாரணமாகக் கடையிலிருந்து வெளியே வருகிறது என்பதற்கு ஓர் அமெரிக்க ஆய்வு சான்று. ஐந்து நகரங்களில் 900-க்கும் மேற்பட்ட மருந்துக்கடைகளுக்கு, 17 வயதுப் பெண் போலவும், அப்படிப்பட்ட பெண்ணுக்காக விசாரிக்கும் மருத்துவர் போலவும் ஆய்வாளர்கள் தொலைபேசியில் பேசினார்கள். 17 வயதினர் மருந்துச்சீட்டு இல்லாமலே அவசரக் கருத்தடை மாத்திரை வாங்கலாம் என்பதே அப்போதைய சட்டம். ஆனாலும் பெண் குரலில் பேசியவர்களில் 19 சதவீதத்தினரிடம், உனக்கு எந்த வழியிலும் கிடைக்காது என்று சொல்லப்பட்டது. மருத்துவராகப் பேசியவர்களுக்கு அந்தப் பதில் 3 சதவீதம்தான். 2012-இல் வெளியான இந்த முடிவு, அறியாமை எல்லார் மேலும் ஒரேபோல விழுவதில்லை என்பதைக் காட்டுகிறது. திருப்பிக் கேட்கத் தெரியாத இளையவர் மேல்தான் அது அதிகம் விழுகிறது.

இதுவரை சொன்னது அறியாமல் மறுப்பவரைப் பற்றி. அறிந்தே மறுப்பவரும் இருக்கிறார். மாத்திரை கருவை அழிப்பதில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கருத்தரிப்பைச் செயற்கையாகத் தடுப்பதே இறைவனின் ஒழுங்குக்கு எதிரானது என்று நம்புகிறார். 1968 ஜூலை 25 தேதியிட்டு போப் ஆறாம் பால் வெளியிட்ட 'ஹ்யூமனே வீட்டே' சுற்றுமடல் சொல்வது அதுதான். போப்பின் ஆலோசனைக் குழுவின் பெரும்பான்மையே, கருத்தடையை அனுமதிக்கலாம் என்று 1966-இல் கருத்துச் சொல்லியும் அவர் தம் முடிவில் நின்றார். மறுபக்கத்தில் நின்றவரும் கத்தோலிக்கரே. முதல் மாத்திரையின் மருத்துவப் பரிசோதனைகளை நடத்திய பாஸ்டன் மருத்துவர் ஜான் ராக், நாள்தோறும் திருப்பலிக்குப் போனவர். உடல் தானே சுரக்கும் ஹார்மோனைப் போன்றதுதான் மாத்திரையிலும் இருக்கிறது, ஆகவே இது திருச்சபை ஏற்ற பாதுகாப்பான நாட்களின் நீட்சியே என்று அவர் வாதிட்டார். 1963-இல் அதற்காகவே ஒரு நூல் எழுதினார். இரு பக்கத்தினரும் உடலியலை அறிந்தவர்கள், விசுவாசிகள். வெவ்வேறு முடிவுக்கு வந்தார்கள். அறிந்தபின் வரும் இப்படிப்பட்ட வேறுபாட்டை மதிக்கத்தான் வேண்டும்.

ஆனால் அறிந்தே மறுப்பவரும் தம் அறிவை முழுவதும் பயன்படுத்த வேண்டும். அதே 'ஹ்யூமனே வீட்டே'யின் 15-ஆம் பத்தி, நோயைக் குணப்படுத்தத் தேவையான சிகிச்சையை, அதனால் கருத்தடை விளைவு ஏற்படும் என்று தெரிந்தாலும், தடுக்கவில்லை. சினைப்பை நீர்க்கட்டிக்கும், எண்டோமெட்ரியோசிஸ் வலிக்கும், அளவுக்கு மீறிய உதிரப்போக்குக்கும் மருத்துவர்கள் இதே மாத்திரையைத்தான் எழுதுகிறார்கள். மாத்திரை சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பைக் குறைக்கிறது என்பதால், பிள்ளைப்பேறு இல்லாத கன்னியாஸ்திரீகளுக்கே அதைக் கொடுக்கலாம் என்று 2011 டிசம்பரில் 'லான்செட்' இதழில் ஒரு கருத்து வெளியானது. மருந்துச்சீட்டைப் பார்த்து எதற்காக என்று சொல்லிவிட முடியாது. வாய்விட்டுக் கேட்டால் பத்துப் பேர் நிற்கும் கடையில் ஒரு பெண்ணின் அந்தரங்கம் சந்திக்கு வருகிறது. தம் மதம் தடுக்காத ஒன்றையும் மதத்தின் பேரில் மறுத்துவிடும் வாய்ப்பு, காரணம் தெரியாமல் மறுப்பவருக்கு எப்போதும் உண்டு.

நீதிமன்றங்கள் வேறொரு முனையிலிருந்து இதைத் தொட்டன. பிரான்சில் போர்தோ நகருக்கு அருகே சாலபூஃப் என்ற சிற்றூர். அங்கே 1995-இல் ஒரு மருந்துக்கடையின் உரிமையாளர்கள் இருவர், மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டோடு வந்த மூன்று பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை தர மறுத்தார்கள். அபராதம் விழுந்தது. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போய், 2001 அக்டோபரில் தள்ளுபடியானது. அந்த மாத்திரை சட்டப்படியானது, சீட்டின் பேரில் கிடைப்பது, மருந்துக்கடையைத் தவிர வேறெங்கும் விற்கப்படாதது. ஆகவே உரிமையாளர்கள் தங்கள் நம்பிக்கையை மற்றவர் மேல் சுமத்த முடியாது, அதை வெளிப்படுத்தத் தொழிலுக்கு வெளியே எத்தனையோ வழிகள் உண்டு என்றது நீதிமன்றம். சமூகம் ஒரு பொருளை ஒரே கூட்டத்தாரிடம் ஒப்படைக்கும்போது, அவர்களின் 'வேண்டாம்' மற்ற எல்லாருக்கும் 'கிடையாது' ஆகிவிடுகிறது.

2002 கோடையில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மெனோமினி நகரில் நடந்தது இன்னும் ஒரு படி மேல். கல்லூரி மாணவி ஒருவர் வழக்கமாக எடுக்கும் மாத்திரையின் அடுத்த அட்டைக்காக வந்தார். பணியில் இருந்த மருந்தாளுநர் தர மறுத்தார். வேறு கடைக்கு மருந்துச்சீட்டை மாற்றித் தரவும் மறுத்தார். அதுவும் பாவத்துக்குத் துணை போவதே என்பது அவர் நிலை. மாநில வாரியம் 2005-இல் அவரைக் கண்டித்து, எதைச் செய்ய மாட்டார் என்பதை இனி பணிக்குச் சேரும் இடத்தில் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர் தொழில் நெறி தவறியதாகவே கண்டது.

அவருடைய வாதத்தை எளிதில் ஒதுக்கக் கூடாது. தீமை என்று நம்புவதை வேறொருவர் செய்ய வழிகாட்டுவதும் உடந்தைதானே? ஆனால் வழக்கின் உண்மைகளைப் பார்த்தால், சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் ஒதுங்கி நிற்கவில்லை. அந்தப் பெண் வேறு வாசலுக்குப் போகும் வழியை மூடினார். தான் நடக்க மாட்டேன் என்பதற்கும் பாதையில் குறுக்கே நிற்பேன் என்பதற்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தின் 2007-ஆம் ஆண்டு விதிகள் இந்தக் கோட்டைச் சட்டமாக்கின. தனி மருந்தாளுநர் ஒதுங்கிக்கொள்ளலாம், ஆனால் கடையில் வேறொருவராவது மருந்தைத் தர வேண்டும் என்றன அவை. ஒலிம்பியா நகரில் கடை வைத்திருந்த ஒரு கிறிஸ்தவக் குடும்பம் எதிர்த்து வழக்காடியது. 2016 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுக்க மறுத்தது.

மற்ற மதங்களில் இந்தப் பூசல் இவ்வளவு கூர்மையாக இல்லை. இஸ்லாமில், விந்தை வெளியே விடும் 'அஸ்ல்' முறையை நபித்தோழர்கள் கடைப்பிடித்ததாக ஹதீஸ்கள் உண்டு. இமாம் கஸ்ஸாலி அதை அனுமதிக்கப்பட்டதாகவே விளக்கினார். அதை ஒப்பு வைத்து, தற்காலிகக் கருத்தடையை மார்க்க அறிஞர் பலர் ஏற்கிறார்கள். இந்து சமயத்தில் இதற்கென ஒற்றை அதிகார பீடம் இல்லை. ஆனால் காந்தி கடுமையாக எதிர்த்தார். 1935 டிசம்பரில் வார்தாவுக்கு வந்து கருத்தடைக்காக வாதாடிய அமெரிக்கர் மார்கரெட் சாங்கரிடம் தன்னடக்கமே வழி என்றார். அதே காலத்தில் தமிழ்நாட்டில் பெரியார் நேரெதிர்த் திசையில் நின்றார். நாட்டின் வறுமைக்காகவும் தாயின் உடல்நலத்துக்காகவும் கர்ப்பத்தடை வேண்டும் என்று மற்றவர்கள் பேசியபோது, பெண் விடுதலை பெற அது வேண்டும் என்று எழுதினார்.

பெரியார் எழுதிய மண்ணில் இன்று நிலைமை என்ன? தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்றால் பெண்ணுக்குச் செய்யும் அறுவைச் சிகிச்சை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புகளின்படி திருமணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அதைச் செய்துகொண்டவர்கள். மாத்திரை எடுப்பவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அவசரக் கருத்தடை மாத்திரை இந்தியாவில் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடியது. 'ஐ-பில்' 2007-இல் தொலைக்காட்சி விளம்பரத்தோடு வந்தது. ஆனால் சென்னைக் கடைகளில் அது எளிதில் கிடைப்பதில்லை என்பது ஆண்டுக்கணக்காகச் செய்தித்தாள்களில் வரும் புகார். கருக்கலைப்பு மாத்திரை பற்றிய சட்டக் கெடுபிடியை அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் சேர்த்துப் புரிந்துகொண்ட கடைக்காரர்கள் உண்டு. "அண்ணா, அந்த மாத்திரை இருக்கா?" என்று தயங்கிக் கேட்கும் பெண்ணுக்கு "ஸ்டாக் இல்லைம்மா" என்ற பதில் கிடைக்கிறது.

விஸ்கான்சின் மருந்தாளுநர் தம் காரணத்தைச் சொன்னார். நீதிமன்றத்தில் அதற்குப் பதில் சொல்லவும் முடிந்தது. "ஸ்டாக் இல்லை" என்பதோடு வாதாட முடியாது. பயமா, வெட்கமா, பக்தியா, குழப்பமா, உண்மையிலேயே சரக்கு தீர்ந்துவிட்டதா என்று கேட்கும் வழியே இல்லாமல் போகிறது.

அதே கடையில் இன்னொரு மாத்திரை தாராளமாகப் புழங்குகிறது. கோயில் திருவிழா, வீட்டில் ஹோமம், கல்யாணம், கிரகப்பிரவேசம் என்றால் "தள்ளிப்போடும் மாத்திரை" கேட்டு வருவார்கள். நோரெதிஸ்டெரோன் என்ற ஹார்மோன் அது. மாதவிடாய் வர வேண்டிய நாளுக்கு மூன்று நாள் முன்பே தொடங்கி, ஐந்து மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று முறை எடுப்பது வழக்கம். மருந்துச்சீட்டின் பேரில் தர வேண்டிய மருந்து. அந்த அளவில் அதன் ஒரு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜெனாக மாறுவதால், ரத்தம் உறையும் வாய்ப்புள்ள பெண்களுக்கு ஆபத்து உண்டு. தள்ளிப்போட எடுக்கும் நாட்களில் கருத்தடைக்கு அதை நம்பவும் கூடாது. பல கடைகளில் இந்தக் கேள்விகள் எதுவும் கேட்கப்படுவதில்லை. சாமி காரியத்துக்கு என்றதும் தயக்கம் விலகிவிடுகிறது. ஒன்று கூடாததாகவும் மற்றொன்று புனிதமானதாகவும் தோன்றுவதற்குக் காரணம் வாங்குபவரின் நோக்கம் பற்றிய ஊகமே. உடல் அந்த ஊகத்தைப் பார்ப்பதில்லை. பக்தியோடு எடுத்தாலும் உறையும் ரத்தம் உறையும்.

மருந்தாளுநர் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட முடியாது. பட்டயச் சான்றிதழ் சுவரில் தொங்க, அதன் சொந்தக்காரர் வேறிடத்தில் இருக்க, மாத்திரை எடுத்துத் தருபவர் பள்ளிப்படிப்போடு வேலைக்கு வந்த பையன் என்ற நிலை நம் ஊர்களில் புதிதல்ல. படித்தவரே இருந்தாலும் நின்று பேச நேரமில்லை, மறைவாகப் பேச இடமில்லை. 2015-இல் வந்த மருந்தியல் தொழில் விதிமுறைகள், மருந்தை எப்படி எடுக்க வேண்டும் என்று நோயாளிக்கு விளக்குவதை மருந்தாளுநரின் கடமையாகவே வைத்திருக்கின்றன. அதற்கான நேரமும் பயிற்சியும் ஊதியமும் கூடவே வரவில்லை.

வேறு நாடுகளில் பாதை மாறிவருகிறது. இங்கிலாந்தில் 2023 டிசம்பர் முதல், பயிற்சி பெற்ற மருந்தாளுநரே ஒரு பெண்ணுக்குக் கருத்தடை மாத்திரையைத் தொடங்கிவைக்கலாம். ஈஸ்ட்ரோஜென் கலந்த மாத்திரை என்றால் ரத்த அழுத்தமும் எடையும் பார்க்க வேண்டும், மருத்துவ வரலாறு கேட்க வேண்டும். அமெரிக்காவில் 2023 ஜூலையில், நாள்தோறும் எடுக்கும் நோர்ஜெஸ்ட்ரல் மாத்திரை சீட்டு இல்லாமலே விற்க அனுமதி பெற்றது. மருத்துவரின் அறையிலிருந்து மாத்திரை கடைக்கு நகர நகர, முன்பு இருவர் சுமந்த பொறுப்பு ஒருவரிடம் வந்துசேர்கிறது.

தமிழ்நாட்டில் மருந்தாளுநருக்கான புத்தாக்கப் பயிற்சிகளில் இந்தப் பாடம் கட்டாயமாக இடம்பெற வேண்டும். தவறிய மாத்திரைக்கான விதி, ரிஃபாம்பிசின் எச்சரிக்கை, கருத்தடைக்கும் கருக்கலைப்புக்கும் உள்ள வேறுபாடு ஆகியவை ஒரு நாளில் கற்றுத்தரக்கூடியவை. அந்தப் பாடத்தைப் படித்த பிறகும் தம் நம்பிக்கைக்கு இது ஒவ்வாது என்று ஒருவர் சொன்னால், அந்த மறுப்பைக் கேட்கவும் மதிக்கவும் சமூகம் தயாராக இருக்கலாம். அவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: பணிக்குச் சேரும்போதே கடை உரிமையாளரிடம் அதைச் சொல்லிவிடுவது, கேட்டு வரும் பெண்ணிடம் "ஸ்டாக் இல்லை" என்று பொய் சொல்லாமல் "நான் தருவதில்லை" என்று சொல்வது, அந்த மாத்திரையை எத்தனை மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதையாவது சொல்லி அனுப்புவது.